பின்பிரேக்கில் தொடங்கும் பாடம்

முன்சக்கரத்தைக் காற்றில் நிறுத்தி, பின்சக்கரம் ஒன்றில் மட்டும் சைக்கிளை ஓட்டிச் செல்வதற்கு வீலி என்று பெயர். தமிழ்நாட்டில் இதை வீலிங் என்கிறோம். செய்தித்தாளில் அந்தச் சொல் கண்ணில் பட்டால், நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளைத் தூக்கி ஓட்டிய இளைஞர் மீது வழக்கு என்ற செய்தியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இந்த அத்தியாயத்தின் பொருள் வேறு. இங்கே வண்டி மலைப்பாதைக்கான கியர் சைக்கிள். அதற்கு எஞ்சின் ஓட்டுபவரின் கால்கள். வேகம் மணிக்கு 8 முதல் 12 கிலோமீட்டர், அதாவது ஒருவர் மெல்ல ஓடும் வேகம். இடம் ஆளில்லாத புல்தரை. இந்த எல்லைக்குள் வைத்துப் பார்த்தால், நிலையற்ற ஒரு பொருளை ஆள மனித உடல் எப்படிக் கற்கிறது என்பதை வீலியைப் போல் தெளிவாகக் காட்டும் பயிற்சிகள் குறைவு. கற்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, முன்சக்கரத்தை எப்படித் தூக்குவது என்பதைத்தான். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே தவறு என்பது என் வாதம். எழும்பிய சக்கரத்தை நினைத்த கணத்தில் இறக்கத் தெரிந்தவருக்குத்தான் தூக்குவது பயன்படும். இதற்கான காரணம் பாதி இயற்பியலில் இருக்கிறது. மீதி, அச்சம் உடலை என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில் தூக்குவதையே பார்த்துவிடுவோம். 75 கிலோ எடையுள்ள ஒருவர் 15 கிலோ சைக்கிளில் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று கொள்வோம். இருவரும் சேர்ந்த நிறைமையம் தரையிலிருந்து ஏறத்தாழ 1.1 மீட்டர் உயரத்திலும், பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கு 45 சென்டிமீட்டர் முன்னாலும் இருக்கும். முன்சக்கரம் தரையை விட்டு எழ வேண்டுமானால், பின்டயர் வண்டியை முன்னே தள்ளும் விசையின் திருப்புதிறன், புவியீர்ப்பின் திருப்புதிறனை வெல்ல வேண்டும். கணக்குப் போட்டால் விநாடிக்கு விநாடி 4 மீட்டர் என்ற முடுக்கம் தேவை. பின்டயரில் அதற்கு 360 நியூட்டன் விசை வேண்டும். செயின் சுற்றும் முன்பல்லும் பின்பல்லும் ஒரே எண்ணிக்கையில் இருக்கும் கியரில், 17 சென்டிமீட்டர் கிராங்கில், பெடலை ஏறக்குறைய 78 கிலோ எடைக்குச் சமமான விசையோடு மிதித்தால்தான் அது கிடைக்கும். ஓட்டுபவரின் முழு எடையைவிட அது அதிகம். உட்கார்ந்த நிலையில் பெரும்பாலோரால் முடியாது. இப்போது அவர் கைகளை நேராக நீட்டி, முதுகைப் பின்னால் சாய்த்து, நிறைமையத்தை 15 சென்டிமீட்டர் பின்னுக்குக் கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவையான மிதி 52 கிலோவாகக் குறைந்துவிடும். காலின் பலத்தில் எதுவும் மாறவில்லை. உடல் இருந்த இடம்தான் மாறியது.

ஹேண்டிலை இன்னும் பலமாக இழுக்க வேண்டும் என்ற பரவலான அறிவுரை ஏன் பலன் தருவதில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். கை ஹேண்டிலை இழுக்கும்போது ஹேண்டிலும் கையை அதே அளவு இழுக்கிறது. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்த தொகுதிக்குள்ளேயே நடக்கும் கொடுக்கல் வாங்கல் இது. வெளியிலிருந்து தொகுதியைத் திருப்பக்கூடியவை தரையும் புவியீர்ப்பும் மட்டுமே. இழுத்த வேகத்தில் முன்சக்கரம் ஒரு சாண் எழும். தரையின் உதவி தொடராததால் உடனே விழும். அதைவிட மோசம், முழங்கையை மடக்கி இழுப்பவரின் மார்பு ஹேண்டிலை நோக்கிப் போகிறது. பின்னுக்குப் போக வேண்டிய நிறைமையம் முன்னுக்கு வந்துவிடுகிறது. கை நீட்டியபடி இருக்க, முதுகு பின்னே சாயும் அதே கணத்தில் பெடல் அழுந்த வேண்டும். தூக்குவதில் கற்க வேண்டியது இவ்வளவுதான். பெரும்பாலோருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். கடினமான பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முன்சக்கரம் எழ எழ, நிறைமையம் பின்அச்சைச் சுற்றி மேலேயும் பின்னேயும் நகர்கிறது. ஏறத்தாழ 30 டிகிரி தூக்கியதும், பின்டயர் தரையைத் தொடும் புள்ளிக்கு நேர்மேலே அது வந்து நிற்கும். சாய்ந்து உட்காரும் விதத்தைப் பொறுத்து இந்தக் கோணம் சற்றுக் கூடும், குறையும். இதைத்தான் சமநிலைப் புள்ளி என்கிறார்கள். சொல்லைக் கேட்டால் ஓரிடத்தைக் கண்டுபிடித்து அங்கே அமர்ந்துவிடலாம் போலத் தோன்றும். அந்தத் தோற்றம் பலரை ஏமாற்றியிருக்கிறது. உள்ளங்கையில் துடைப்பக்கட்டையை நிமிர்த்தி நிறுத்தியவருக்குத் தெரியும், அது ஒரு கணமும் சும்மா நிற்பதில்லை. இயற்பியலில் இதைத் தலைகீழ் ஊசல் என்பார்கள். அதன் குணம், சிறு பிழையும் தன்னைத்தானே பெருக்கிக்கொள்வது. வீலியில் சுமார் 0.4 விநாடிக்கு ஒருமுறை பிழை இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிறது. ஒரு டிகிரி தவறியது ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் 20 டிகிரி ஆகிவிடும். கண்ணால் பார்த்து விரலால் செயல்பட மனிதருக்கு ஏறத்தாழ 0.2 விநாடி பிடிக்கிறது. உட்காதின் சமநிலை உறுப்பும் தசைகளின் உணர்வும் அதைவிட விரைவானவை. ஆகவே இந்தப் போட்டியில் மனித உடல் வெல்லலாம், ஆனால் குறுகிய இடைவெளியில்தான் வெல்லும். பென்சிலை விரல்நுனியில் நிறுத்த முடியாததற்கும் துடைப்பக்கட்டையை நிறுத்த முடிவதற்கும் இதுவே காரணம்: பென்சில் நம் நரம்புகளைவிட வேகமாக விழுகிறது.

சமநிலைப் புள்ளிக்குக் கீழே நிற்பவருக்கு என்ன நேர்கிறது என்பதில்தான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. புதிதாகக் கற்பவர் ஏறக்குறைய எல்லாருமே அங்கேதான் நிற்கிறார்கள். புள்ளிக்கு 10 டிகிரி முன்பாகவே நின்றுவிட்டவரின் முன்சக்கரம் விழாமல் இருக்க ஒரே வழிதான் உண்டு: வண்டி தொடர்ந்து முடுக்கம் பெற வேண்டும். தேவையான முடுக்கம் விநாடிக்கு விநாடி 1.7 மீட்டர். சின்ன எண்போல் தெரிகிறது. மூன்றே விநாடி தாக்குப்பிடித்தால் வேகம் மணிக்கு 19 கிலோமீட்டர் கூடியிருக்கும். 8 கிலோமீட்டரில் தொடங்கியவர் 27-ஐத் தொட்டிருப்பார். முன்பல்லும் பின்பல்லும் சமமான கியரில் அந்த வேகத்துக்குப் பெடலை நிமிடத்துக்கு 200 சுற்று சுற்ற வேண்டும். பெரும்பாலோரின் கால்கள் அதற்கு ஈடுகொடுக்காது. நாலைந்து மிதியில் வீலி செத்துவிடுகிறது என்று கற்பவர்கள் புலம்புவது இதனால்தான். தங்கள் கால் பலம் போதவில்லை என்று அவர்கள் முடிவுகட்டுகிறார்கள். அந்த முடிவு தவறு. புள்ளிக்குக் கீழே செய்யும் வீலிக்கு இயற்பியலே கெடு வைத்திருக்கிறது. 1999-இல் அமெரிக்காவில் கர்ட் ஆஸ்பர்ன் என்பவர் ஹாலிவுட்டிலிருந்து ஒர்லாண்டோ வரை, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக, 4,500 கிலோமீட்டருக்கு மேல் வீலி செய்தபடியே போய்ச் சேர்ந்தார். விடாமல் முடுக்கிக்கொண்டே ஒருவர் கண்டம் கடக்க முடியாது. அவர் புள்ளியின் இருபுறமும் தொட்டுத் தொட்டு மீண்டுகொண்டிருந்தார். அப்படி ஓட்டும்போது வேகம் கூட வேண்டியதில்லை.

அப்படியானால் கற்பவரிடம் இன்னும் 10 டிகிரி தூக்குங்கள் என்று சொன்னால் போதாதா? போதாது. எல்லை தெரிந்தும் உடல் அங்கே போக மறுக்கிறது. உயரமான மேடையின் விளிம்பில் மனிதர்களை நிற்கவைத்து நடந்த ஆய்வுகள் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன: விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் கணுக்கால் தசைகள் இறுகுகின்றன, உடலின் ஆட்டம் சிறியதாகவும் விரைவாகவும் ஆகிறது, உடல் விளிம்பிலிருந்து விலகிச் சாய்கிறது. வேண்டுமென்று யாரும் அப்படிச் செய்வதில்லை. வீலியில் அந்த விளிம்பு முதுகுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இருக்கிறது. மல்லாந்து விழும் அச்சம் குழந்தைக்கும் உண்டு, பெரியவர்களுக்கும் உண்டு. அறிவுரை இந்த இடத்தில் வேலைக்காகாது. அறிவு வேறு, செய்யும் திறன் வேறு என்பதற்கு டெஸ்டின் சாண்ட்லின் 2015-இல் காட்டிய சைக்கிள் நல்ல சான்று. ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும்படி செய்யப்பட்ட வண்டி அது. பொறியாளரான அவருக்கு அதன் இயக்கம் முழுதும் தெரியும். ஓட்டக் கற்க எட்டு மாதம் ஆயிற்று. அவருடைய சிறுவயது மகன் இரண்டு வாரத்தில் ஓட்டினான். உடலுக்குப் பாடம் சொல்வது அதன் சொந்தப் பிழைகள்தான். பிழை செய்ய அஞ்சும் உடலுக்கு அந்தப் பாடம் கிடைப்பதே இல்லை.

இங்கேதான் பின்பிரேக் வருகிறது. வீலியின்போது பின்பிரேக்கை அழுத்தினால் பின்டயரைத் தரை பின்னோக்கி இழுக்கிறது. நிறைமையமோ அதற்கு ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. வண்டி முன்பக்கமாகக் கவிழ்ந்து முன்சக்கரம் தரைக்கு வருகிறது. எவ்வளவு அழுத்தம் தேவை? விநாடிக்கு விநாடி ஒரு மீட்டர் என்ற அளவில் வேகம் குறையுமாறு மெல்லத் தொட்டாலே, புள்ளியைத் தாண்டி ஏறக்குறைய 6 டிகிரி வரை சரிந்த பிழையை நிறுத்திவிடலாம். அதற்கு மேல் சரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும். ஒற்றை விரல் போதும். சரிவு இவ்வளவு எளிதில் மீளக்கூடியது என்பதை உடல் உணர்ந்துவிட்டால், பின்பக்க விளிம்பின் பொருளே மாறிவிடுகிறது. அதுவரை அது விழும் இடம். இனி அது திரும்பி வரக்கூடிய இடம். இறுகியிருந்த தசைகள் தளர்கின்றன, தளர்ந்த உடல் இன்னும் 10 டிகிரி பின்னே போகிறது, கெடு வைத்த வீலி முடிவடைந்து உண்மையான வீலி தொடங்குகிறது. அதனால்தான் பிரேக்கை முதல் நாளே கற்க வேண்டும் என்கிறேன். மிதித்துத் தூக்கி, உடனே பிரேக்கைத் தொட்டு இறக்குவது. மறுபடி சற்று அதிகம் தூக்கி இறக்குவது. விரல் யோசிக்காமல் இதைச் செய்யும்வரை தூரத்தை அளக்கவே வேண்டாம்.

மலைச் சைக்கிளின் வரலாற்றிலேயே பின்பிரேக்குக்கு ஒரு சிறப்பிடம் இருக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். 1976-இல் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலுள்ள செங்குத்தான மண்பாதையில், சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் இறங்கும் பந்தயத்தைத் தொடங்கினார்கள். அந்த வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் மையக் குடத்துக்குள்ளேயே பிடிக்கும் பிரேக் இருந்தது. ஒருமுறை இறங்குவதற்குள் அது சூடேறி உள்ளிருக்கும் கிரீஸ் முழுதும் புகைந்துபோகும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அப்படி அடைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ரீபேக் என்பதே பந்தயத்துக்குப் பெயராயிற்று. வேர்களும் பாறைப் படிகளும் நிறைந்த அத்தகைய பாதைகளில் முன்சக்கரத்தை வேண்டும்போது இலேசாக்கத் தெரிந்திருப்பது வெறும் வேடிக்கைக்கான வித்தையாக இருக்க முடியாது. படி இறங்கும் இடத்தில் முன்சக்கரம் முதலில் குத்திட்டால் ஓட்டுபவர் ஹேண்டிலுக்கு மேலாகத் தூக்கியெறியப்படுவார்.

பிரேக்கைத் தொட்டால் வேகம் போய்விடும், வீலி அங்கேயே முடிந்துவிடும் என்று ஆட்சேபம் எழலாம். எண்களைப் பார்த்தால் அது நிற்காது. மேலே சொன்ன மென்மையான பிடி 0.3 விநாடி நீடித்தால் போகும் வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர்தான். அடுத்த அரை மிதியில் அதைத் திரும்பப் பெறலாம். உண்மையில் தேர்ந்தவர்கள் சற்றே புள்ளிக்குப் பின்னால் இருந்துகொண்டு பிரேக்கை விட்டு விட்டுத் தொட்டபடிதான் ஓட்டுகிறார்கள். அழுத்தமான இரண்டாவது ஆட்சேபம் ஒன்று உண்டு: பிரேக்கே இல்லாத சிறிய பிஎம்எக்ஸ் வண்டிகளில் சிறுவர்கள் வீலி கற்றுக்கொள்கிறார்களே, ஒற்றைச்சக்கர சைக்கிள்காரருக்கு ஏது பிரேக்? இதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் அந்தச் சிறுவர்களைக் கவனியுங்கள்: வண்டி தாழ்வானது, சரிந்தால் காலைத் தரையில் ஊன்றிப் பின்பக்கமாக இறங்கி நின்றுவிடுகிறார்கள். ஒற்றைச்சக்கர வண்டியில் பெடல் சக்கரத்தோடு நேராகப் பிணைந்திருப்பதால் காலே பிரேக்காகிறது. பின்பக்கத்திலிருந்து மீளும் வழி ஒன்று இருவருக்கும் கையிலிருக்கிறது. உயரமான சீட்டும் நீண்ட சட்டமும் உள்ள மலைச் சைக்கிளில் அந்த வழியைத் தருவது பிரேக். பிரேக் தவறும் கணத்துக்காக, வண்டியை விட்டுப் பின்னால் குதித்து இறங்குவதையும் தனியே பழகிக்கொள்வது நல்லது; கால்கள் பெடலில் பூட்டிக்கொள்ளும் காலணி கற்கும் காலத்தில் கூடாது.

கியரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெடல் சீரான விசை தருவதில்லை. கிராங்க் செங்குத்தாக நிற்கும் இரண்டு இடங்களிலும் விசை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. பல்லெண்ணிக்கை சமமான கியரில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் இந்த வெற்றிடம் 0.4 விநாடிக்கு ஒருமுறை வருகிறது. பிழை இரண்டரை மடங்காகும் நேரமும் அதுவே என்பது நினைவிருக்கும். மிதியை மட்டும் நம்பித் திருத்துகிறவர், திருத்தம் தேவைப்படும் கணத்தில் கிராங்க் எங்கே இருக்கிறது என்ற தற்செயலை நம்பியிருக்கிறார். மிகத் தாழ்ந்த கியரில் ஒவ்வொரு மிதியும் உதைப்பாகி, கால்கள் விரைவில் சுற்றித் தீர்ந்துவிடும். மிக உயர்ந்த கியரில் சக்கரம் எழவே எழாது. இடைப்பட்ட கியரும் மெல்லிய ஏற்றமும் தொடக்கத்துக்கு ஏற்றவை. நூற்றுக்கு ஐந்து என்ற ஏற்றமே முன்சக்கரத்தை 3 டிகிரி அளவுக்கு முன்கூட்டியே தூக்கிக் கொடுத்துவிடும். வேகமும் கட்டுக்கடங்காமல் ஏறாது.

இதுவரை முன்பின் சாய்வை மட்டுமே பேசினோம். பக்கவாட்டில் சாய்ந்து முடியும் வீலிகளும் ஏராளம். அதைக் கற்பவர்கள் எதிர்பார்ப்பதே இல்லை. சாதாரணமாக ஓட்டும்போது சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரம் திரும்புகிறது. சக்கரம் தரையில் பதிந்த இடம் சாய்வுக்கு அடியில் வந்து வண்டியைத் தாங்குகிறது. 2011-இல் சயின்ஸ் இதழில் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் ஐவர், சுழலும் சக்கரத்தின் கோண உந்தத்தை நீக்கிவிட்ட ஒரு வண்டியும் தானாக நிமிர்ந்து ஓடும் என்று செய்துகாட்டினார்கள். அப்போதும் அது சாய்ந்த பக்கம் திரும்பியது. முன்சக்கரம் காற்றில் இருக்கும்போது இந்தக் காப்பு அறவே இல்லை. சுழலும் முன்சக்கரம் பம்பரம்போல் வண்டியைப் பிடித்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். வீலியின் வேகத்தில் பிடிக்காது. ஒரு டிகிரி பக்கச்சாய்வில் புவியீர்ப்பின் திருப்புதிறன் சுமார் 17 நியூட்டன் மீட்டர். ஹேண்டிலைச் சடாரென்று திருப்பினாலும் அந்தச் சக்கரம் தருவது அதைவிட மிகக் குறைவு. மோட்டார் சைக்கிளின் கனத்த சக்கரம் 80 கிலோமீட்டரில் செய்வதை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. இடுப்பும் முழங்காலும்தான் துணை. வண்டி இடப்பக்கம் சரிந்தால் வலது முழங்கால் வெளியே விரிகிறது. நல்வாய்ப்பாக இந்தப் பக்கத்துப் பிழையில் அச்சம் குறைவு: முன்சக்கரத்தை இறக்கினால் சரியாகிவிடும். இறக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி, எத்தனை முறை, எப்படிப் பழகுவது? 1920-களில் மாஸ்கோவின் தொழில் ஆய்வு நிறுவனத்தில் நிகோலாய் பெர்ன்ஸ்டைன் தேர்ந்த தொழிலாளிகள் சுத்தியல் அடிப்பதைப் படமெடுத்து அளந்தார். சுத்தியலின் நுனி ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது. தோளும் முழங்கையும் மணிக்கட்டுமோ ஒவ்வொரு முறையும் வேறு வேறு பாதையில் போயின. ஒரே அசைவைத் திரும்பச் செய்வதால் திறமை வருவதில்லை, ஒரே சிக்கலை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்ப்பதால் வருகிறது என்று அவர் முடிவுசெய்தார். புதியவர்கள் மூட்டுகளைப் பூட்டிக்கொள்வார்கள், தேர்ச்சி வர வர அவற்றை விடுவிப்பார்கள் என்பதும் அவர் கண்டதே. ஒரே கோணத்தில் நூறு முறை தூக்கி இறக்குபவரைவிட, தாழ்வாக, உயரமாக, புள்ளியைத் தாண்டி என மாற்றி மாற்றித் தூக்குபவர் மேல் என்பதற்கு இது ஆதாரம். கால அளவைப் பற்றி 1978-இல் வெளிவந்த பேட்லி, லாங்மன் ஆய்வு ஒன்று உண்டு. பிரிட்டன் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்தபோது, நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த மணி நேரத்தில் கற்றுத் தேர்ந்தார்கள். நாட்கள் கூடுதலாக ஆயின என்பது உண்மை. தங்கள் பயிற்சி முறையில் மிகக் குறைந்த திருப்தி கொண்டவர்களும் அவர்களே. கற்பவரின் மனநிறைவு கற்றலின் அளவுகோல் ஆகாது என்பதால், ஞாயிற்றுக்கிழமை முழுதும் புரண்டு விழுவதைவிட தினம் அரை மணி நேரம் பழகுங்கள் என்பேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் வழக்கப்படி பூட்டிய வண்டியில் பின்பிரேக் இடது கையில் இருக்கும். அமெரிக்க வழக்கப்படியான வண்டியில் வலது கையில். வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் தூக்கிச் சுற்றிவிட்டு, ஒவ்வொரு பிடியாக அழுத்திப் பாருங்கள். எது சக்கரத்தை நிறுத்துகிறதோ அதன்மேல் ஆள்காட்டி விரலை வையுங்கள். முன்சக்கரம் காற்றில் இருக்கும் எந்தக் கணத்திலும் அந்த விரலை எடுக்காதீர்கள்.